காருக்குள் ஒரு கணக்குப்பிள்ளை!

தொழுதூர் தாண்டி திருச்சி ரோட்டில் நாலு கிலோமீட்டர் போயிருப்போம். மத்தியானம் ஒரு மணி. சித்திரை வெயில். பக்கத்து சீட்டில் அப்பா. பின் சீட்டில் அம்மா, மடியில் எலுமிச்சை சாதத் தூக்கு. அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாசம். செக்கப்புக்காக திட்டக்குடியிலிருந்து திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

திடீரென்று எஞ்சின் நின்றுவிட்டது.

இருமல், விக்கல், தும்மல் ஒன்றும் கிடையாது. யாரோ ஸ்விட்சை அணைத்தது மாதிரி பொட்டென்று நின்றது. வண்டி மட்டும் எண்பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கை இரண்டு முறை அமுக்கினேன், மூன்றாவது முறை அதுவும் கல். பின்னால் ஒரு லாரி, பதினாலு சக்கரம் இருக்கும், ஹாரனை அமுக்கியபடியே வருகிறது. எப்படி ஓரம் கட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா மட்டும், "நம்ம ஊர் வைத்தியநாதர்தான் காப்பாத்தினாரு" என்கிறாள். திட்டக்குடியில் கோயில் கொண்டிருக்கும் சுவாமியின் பெயரே அதுதான். மனுஷனுக்கு மட்டும்தான் வைத்தியமா, காருக்கும் உண்டா என்று அன்றைக்கு நான் ஆராயவில்லை.

இருபது நிமிஷம் கழித்து சாவியைத் திருகினால், ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் உயிர் பெற்றது. எனக்கு சந்தோஷம். அப்பா மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"அடுத்த தடவை பஸ்ஸுலயே போயிக்கலாம்டா."

லாரிக்கு நான் பயந்தது உண்மை. அதைவிட அதிகமாக வலித்தது இந்த ஒரு வரிதான்.

யார் இந்த கணக்குப்பிள்ளை?

நான் பி.காம். வண்டி சமாச்சாரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தேய்மானம் எத்தனை சதவிகிதம் எழுதலாம் என்பதுதான். கார் 2011 மாடல், பெட்ரோல். மூன்றாவது கையாக நான் வாங்கினேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. குற்றம் வண்டியுடையது அல்ல என்பது கடைசியில் தெரியும்.

அந்தக் காலத்து அம்பாஸடர்கள் நடு ரோட்டில் நின்றால் டிரைவர் இறங்குவார். பானட்டைத் திறப்பார். கார்புரேட்டரின் ஜெட்டைக் கழற்றி, வாயில் வைத்து 'ஃபூ' என்று ஊதுவார். வண்டி கிளம்பிவிடும். இன்றைய காரில் ஊதுவதற்கு இடமே கிடையாது. ஊதினால் நமக்குத்தான் மூச்சு வாங்கும்.

காரணம், கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. மெக்கானிக்குகள் 'ஈ.ஸி.எம்.' என்கிறார்கள். டிபன் பாக்ஸ் அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. கனத்த வயர் கொத்து ஒன்று அதற்குள் போகும்.

இதை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். இது ஒரு கணக்குப்பிள்ளை. எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள், கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது, புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் எவ்வளவு என்று ஊரெல்லாம் வைத்திருக்கும் சென்ஸார்கள் அவருக்கு வவுச்சர் அனுப்பிக்கொண்டே இருக்கும். அவர் கூட்டிக் கழித்து, "இந்த சிலிண்டருக்கு இத்தனை மில்லி செகண்டு பெட்ரோல், இந்த நொடியில் பொறி" என்று செக்கில் கையெழுத்துப் போடுவார். பெட்ரோல் ஒரு பங்கென்றால் காற்று 14.7 பங்கு (எடைக் கணக்கில்). சாதாரண ஓட்டத்தில் இந்த விகிதம் பிசகக்கூடாது.

வேகத்தையும் பாருங்கள். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 50 சுற்று. நாலு சிலிண்டர் வண்டியில் சுற்றுக்கு இரண்டு பொறி. ஆக, நொடிக்கு 100 பொறி! நூறு செக், ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. மார்ச் 31-ம் தேதி ராத்திரி நான்கூட அந்த வேகத்தில் வேலை பார்த்ததில்லை.

வந்த கதை

1967-லேயே ஜெர்மனியின் பாஷ் கம்பெனி எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பை ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் பொருத்திவிட்டது. 1979-ல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் பெட்ரோல், பொறி இரண்டையுமே ஒரே டிஜிட்டல் பெட்டி கவனிக்க ஆரம்பித்தது. நம் ஊரில் இதைப் பரவலாக்கியது மோகமில்லை, புகை! 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தில்லி வட்டாரத்தில் விற்கும் கார்களுக்கு 'யூரோ' மாசுக் கட்டுப்பாட்டை அவசரமாகக் கொண்டுவரச் சொன்னது. அதற்கு முன்பே சில கார்களில் இந்தப் பெட்டி இருந்தாலும், கார்புரேட்டருக்குத் தேதி குறிக்கப்பட்டது அப்போதுதான். பிறகு பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுக்க 2017 ஏப்ரலிலும், ஸ்டேஜ் 6 2020 ஏப்ரலிலும் வந்தன.

கூடவே இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. கணக்குப்பிள்ளைக்கு ஒரு குறிப்பு நோட்டு கொடுத்தார்கள். ஏதாவது தப்பு தெரிந்தால் அதற்குரிய எண்ணை எழுதி வைத்து, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போட வேண்டும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் பொதுவான முறை கட்டாயமானது. இந்தியாவில் 2010-ல் ஆரம்பித்து 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாக விரிந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் பதினாறு ஓட்டை உள்ள ஒரு பிளக் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் நோட்டைப் படிக்கலாம்.

படிக்கலாம் சரி. புரிந்துகொள்ள வேண்டுமே! என் கஷ்டகாலம் அங்கேதான் தொடங்கியது.

நாலு பேருக்குக் காய்ச்சல்

பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய பட்டறை. பெயர் வேண்டாம். ஸ்கேனரைச் செருகினார்கள். நாலு சென்ஸாரின் பெயர் வந்தது. காற்றழுத்தம், த்ராட்டில், தண்ணீர்ச் சூடு, ஆக்ஸிஜன்.

"நாலுமே போச்சு சார். முதல்ல ரெண்டை மாத்திப் பாப்போம்" என்றார்கள். மாற்றினார்கள். 7,800 ரூபாய். மூன்றாம் நாள் பெண்ணாடம் ரயில்வே கேட்டருகே வண்டி மறுபடியும் நின்றது. மறுபடி போனேன். இந்த முறை தலைமை மெக்கானிக் கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, துக்கம் சொல்வது போலச் சொன்னார்:

"ஈ.ஸி.எம். போச்சு சார். புதுசு 42,000. வேலை தனி."

காரின் மார்க்கெட் விலையே ஒன்றரை லட்சம் தேறாது. மூளை மாற்றுச் சிகிச்சைக்கு அதில் நாலில் ஒரு பங்கு!

கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். பேலன்ஸ் ஷீட் டாலி ஆகாவிட்டால், வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். பல பட்டறைகளுக்கு ஈ.ஸி.எம். என்பது சஸ்பென்ஸ் அக்கவுன்ட். எங்கே கோளாறு என்று தெரியவில்லையா, தள்ளு அதன் தலையில்!

அதே சமயம், அது போகவே போகாது என்றும் சொல்ல முடியாது. 2010 ஆகஸ்டில் டொயோட்டா கம்பெனி, 2005 முதல் 2008 வரையிலான கரோலா, மேட்ரிக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல். காரணம், எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் ஈயப் பற்று வைத்த இடத்திலோ, அதிக மின்னழுத்தத்திலிருந்து காப்பாற்றும் 'வாரிஸ்டர்' என்ற குட்டிப் பாகத்திலோ விரிசல் விடக்கூடும். விட்டால் எஞ்சின் கிளம்பாமல் போகலாம், ஓடும்போதே நின்றும் போகலாம். அந்தப் பெரிய கம்பெனிக்கே நேர்ந்தது எனக்கு நேராதா?

ஆக, கேள்வி ஒன்றுதான். குற்றவாளி இவர்தானா என்பதை நிரூபிப்பது எப்படி?

பீங்கான் ஊர் வைத்தியர்

விருத்தாசலத்தில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருப்பதாக ஒரு லாரி டிரைவர் சொன்னார். விருத்தாசலம் என்றால் மற்றவர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும் ஞாபகம் வரும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பீங்கான். பொம்மையும் ப்யூஸ் கட்டையும் வார்த்துச் சுட்ட ஊர். செராமிக் படிப்புக்கென்றே ஒரு அரசு கல்லூரி இருக்கிற ஊர். இந்த எலெக்ட்ரீஷியனின் அப்பாவும் சூளையில் வேலை பார்த்தவர்தானாம்.

3,500 ரூபாய் கொடுத்து வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவருக்கு நாற்பத்தைந்து வயசிருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு கடை. ஸ்கேனரில் வந்த நாலு பெயரையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரு தெருவுல ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா அவனுக்கு மாத்திரை குடுக்கலாம் சார். ஒரே நாள்ல நாலு வீட்டுல காய்ச்சல்னா? தண்ணித் தொட்டியைத்தான் பாக்கணும்!"

எனக்குச் சட்டென்று புரிந்தது. கார் பாட்டரி 12 வோல்ட். ஆனால், சென்ஸார்களில் பலதுக்கு 5 வோல்ட்தான். அந்த ஐந்தை ஈ.ஸி.எம்.தான் தயார் பண்ணி எல்லோருக்கும் பொதுவாக விநியோகிக்கிறது. அந்தத் தொட்டியில் மட்டம் இறங்கினால் எல்லாச் சென்ஸாரும் ஒரே நேரத்தில் பொய் சொல்லும். பாவம், அவை மேல் குற்றமில்லை. நான் மாற்றிய இரண்டும் நன்றாக இருந்தவைதான். 7,800 ரூபாய்! மனசுக்குள் வாராக்கடனில் எழுதிக்கொண்டேன்.

"நேரா தொட்டிக்குப் போகக்கூடாது. முதல்ல கெணறு" என்றார் அவர். ஒரு சாதாரண மீட்டர், ஒரு டெஸ்ட் லைட். இவ்வளவுதான் ஆயுதம்.

முதலில் பாட்டரி. எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6, சரி. ஓடும்போது 14.1, சரி. ஸ்டார்ட் பண்ணும்போது 10-க்குக் கீழே இறங்கவில்லை, அதுவும் சரி. பிறகு ப்யூஸ், மெயின் ரிலே. சாவியைத் திருகியதும் ஈ.ஸி.எம்.முக்கு மின்சாரம் போகிறதா? போகிறது.

அடுத்து எர்த். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவிலும், இன்னொரு முனையை ஈ.ஸி.எம்.மின் எர்த் வயரிலும் வைத்து, விளக்கு, ஃபேன் எல்லாம் போடச் சொன்னார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.1-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம். எங்கள் வண்டி 0.8 காட்டியது!

"மாட்டினான் பாருங்க ஒருத்தன்" என்றார். பாடியில் எர்த் வயரை முடுக்கியிருந்த இடத்தில் ஒரே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் அடித்து முடுக்கினார். 300 ரூபாய்.

42,000 எங்கே, 300 எங்கே! அவருக்கு அங்கேயே பொன்னாடை போர்த்தலாமா என்று தோன்றியது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "ஒருத்தனைத்தான் புடிச்சிருக்கேன். கூட்டாளி இருந்தாலும் இருப்பான். வெளியூர் எடுத்துட்டுப் போவாதீங்க. பத்து நாள் உள்ளூர்லயே ஓட்டுங்க" என்றார்.

பதினோராவது நாள் மத்தியானம், திட்டக்குடி பஸ் ஸ்டாண்டு வாசலில் வண்டி பொட்டென்று நின்றது.

அன்று அப்பா திருச்சிக்கு பஸ்ஸில் போயிருந்தார். ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லையாம், பெரம்பலூர் வரை நின்றுகொண்டே போனாராம். இதை அவர் சொல்லவில்லை. கூடப் போன அம்மா சொன்னாள்.

ஹேர் டிரையர் விசாரணை

"மத்தியானம் மட்டும்தான் நிக்குதா?" என்று கேட்டார் எலெக்ட்ரீஷியன். யோசித்தால், ஆமாம்! காலையில் ஒரு நாளும் நின்றதில்லை.

"அப்ப சூடு பட்டாத்தான் வாயத் தொறப்பான். வீட்டுல தலை காய வைக்கிற மெஷின் இருக்கா?"

என் மனைவியின் ஹேர் டிரையர் விருத்தாசலத்துக்குப் பயணப்பட்டது. (எதற்கு என்று நான் சொல்லவில்லை. 'ரிப்பேருக்கு' என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லையே!)

எஞ்சினை ஓடவிட்டார். டாஷ்போர்டுக்கு உள்ளே இடது பக்கம் இருந்த ஈ.ஸி.எம்.மை வெளியே தெரிகிற மாதிரி சாய்த்து வைத்துக்கொண்டார். 5 வோல்ட் வயரில் மீட்டர். வெறும் எஞ்சின் பத்து நிமிஷம் ஓடியது, 4.98 அசையவில்லை. பிறகு ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து, பெட்டிக்கு மட்டும் மிதமான சூடு. ஆறு நிமிஷம். 4.9... 4.6... 4.1... எஞ்சின் பொட்டென்று நின்றது. அதே பொட்!

"புடிச்சாச்சு!" என்று கத்தினேன்.

"அவசரப்படாதீங்க சார். தொட்டி காலியாவுதுன்னா ஓட்டை தொட்டியிலயும் இருக்கலாம், குழாய்லயும் இருக்கலாம், யாராச்சும் வீட்டுல மோட்டார் போட்டு உறிஞ்சலாம்."

சாவி போட்டபடியே இருக்க, 5 வோல்ட் வாங்கும் சென்ஸார்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒரு சென்ஸார் ஷார்ட் ஆகியிருந்தால் அதைப் பிடுங்கியதும் மட்டம் 5-க்கு ஏறிவிடும். எல்லாவற்றையும் பிடுங்கியும் ஏறவில்லை. பிறகு பாட்டரியைக் கழற்றிவிட்டு, ஈ.ஸி.எம்.மின் பிளக்கையும் உருவி, வயர் எங்காவது உரசி பாடியில் படுகிறதா என்று பார்த்தார். இல்லை. வயர் சுத்தம். மறுபடி மாட்டி, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டார். பெட்டி ஆறியது. மட்டம் 4.98.

உள்ளே வரும் மின்சாரம் சரி, எர்த் சரி, வயர் சரி, சென்ஸார் சரி. சூடானால் பெட்டி மட்டும் தப்பு. இப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஈ.ஸி.எம்.தான் சார்."

முதல் பட்டறைக்காரர் சொன்ன அதே தீர்ப்புதான். ஆனால் அவர் சொன்னது ஜோஸ்யம், இவர் சொன்னது ஆடிட் ரிப்போர்ட்.

கடுகளவு பீங்கான்

மூடியைப் பிரித்தார். பச்சை நிற போர்டு. ஓரத்தில் பாசி பிடித்தது போல் பச்சைக் களிம்பு. பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, ஊசி முனையால் ஓர் இடத்தைக் காட்டினார். கடுகு அளவில் பழுப்பு நிறத்தில் ஒரு துணுக்கு. அதன் குறுக்கே மயிரிழை போல ஒரு விரிசல்.

"இது கெபாசிட்டர். செராமிக். எங்க ஊர் சரக்கு!" என்றார். சொல்லும்போது ஒரு சின்ன கர்வம்கூட இருந்தது.

அப்புறம்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. காருக்குள் எங்கே பார்த்தாலும் பீங்கானின் உறவுக்காரர்கள்! ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்து அலுமினா என்ற செராமிக். புகைக் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸாரின் உயிர், ஸிர்கோனியா என்ற செராமிக். 1976-லிருந்து கார்களில் இருக்கிறது. அதே குழாயில் புகையைத் திருத்தும் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி இருப்பதும் பெரும்பாலும் கார்டியரைட் என்ற செராமிக்தான். டொயோட்டாவில் விரிசல் விட்ட வாரிஸ்டர்? அதுவும் துத்தநாக ஆக்ஸைடில் சுட்ட செராமிக்! நாம் கார்த்திகைக்குச் சுட்டு அடுக்கும் விளக்கின் தூரத்துச் சொந்தங்கள்.

"பீங்கான் மேல ஆள் ஏறி நின்னாலும் தாங்கும் சார். வளைச்சா மட்டும் தாங்காது. எங்கப்பா சொல்லுவாரு" என்றார். சூடேறும்போதும் ஆறும்போதும் போர்டு விரியும், சுருங்கும். ரோட்டுப் பள்ளத்தில் அதிரும். போர்டு வளையும்போது அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் செராமிக்கும் வளையப் பார்க்கும். முடியாது. விரிசல் விடும். அந்த விரிசலில் ஈரம் புகுந்தால் மின்சாரம் கசியும்.

"சரி, ஈரம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. காரின் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தின் கருப்பு மூடியைக் கழற்றினார். உள்ளே கைவிட்டு அள்ளினார். ஒரு கை நிறைய மக்கிப்போன வேப்பிலை! மழைத்தண்ணி வடிய வேண்டிய ஓட்டை முழுக்க அடைத்திருந்தது. வடிய வழியில்லாத தண்ணீர், சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, ஈ.ஸி.எம்.மின் தலையில் அபிஷேகம் நடத்தியிருக்கிறது.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். அப்பா வைத்தது. காரை அதன் நிழலில்தான் நிறுத்த வேண்டும் என்பதும் அப்பா உத்தரவுதான்.

"இதைச் சுத்தம் பண்ணாம 42,000-க்குப் புதுப் பொட்டி போட்டிருந்தா, அடுத்த மழைக்கு அதுவும் போயிருக்கும்" என்றார். எனக்கு முதுகில் வேர்த்தது. நோயைப் பார்க்காமல் நோயாளியை மாற்றுவது என்பது இதுதான்.

புதுப்பேட்டை யாத்திரை

அந்தத் துணுக்கை மட்டும் மாற்ற முடியாதா? மாற்றினார். ஓடியது. "ஆனா களிம்பு போர்டையே தின்னிருக்கு. எத்தனை நாளுக்குன்னு என்னால உத்தரவாதம் தர முடியாது. அப்பாவை வெச்சு ஓட்டப் போறீங்க..." என்று நிறுத்தினார். அதற்குமேல் அவர் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியை மாற்றுவது என்று முடிவானது.

புதுசுக்கு வசதியில்லை. பழசுக்கு ஒரே ஊர், சென்னை புதுப்பேட்டை. விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலேறி எழும்பூரில் இறங்கினால் பொடிநடை. ஒரு காரை முழுசாக உள்ளே விட்டால் மறுபக்கம் நட்டு, போல்ட்டாக வெளியே வரும் என்று சொல்வார்கள். புறப்படும்போது எலெக்ட்ரீஷியன் ஒரு கட்டளை இட்டிருந்தார். "ஸ்டிக்கர்ல இருக்கிற நம்பர் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது."

முதல் கடையில் கடைசி எழுத்து மாறியிருந்தது. "அதெல்லாம் ஒண்ணுதான் சார், மாட்டிப் பாருங்க" என்றார் கடைக்காரர். ஒரே மாடல் காரிலும் வருஷத்துக்கு வருஷம், கியர் பாக்ஸுக்குக் கியர் பாக்ஸ் உள்ளே எழுதியிருக்கும் கணக்கு வேறு. பெட்டி ஒன்று போல் இருக்கும், புத்தி ஒன்று போல் இருக்காது. ஏழு கடை ஏறி இறங்கி, எட்டாவது கடையில் அச்சு அசலாக அதே நம்பர். 12,000 என்றார். 7,500-க்கு முடிந்தது. களிம்பு, தண்ணீர்க் கறை இல்லை என்று பின்னெல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். நான் இப்போது அரை டாக்டர்!

வெற்றியோடு வந்து மாட்டினால், எஞ்சின் இரண்டு நொடி ஓடி நின்றது. மறுபடி இரண்டு நொடி. டாஷ்போர்டில் சாவிப் படம் கண் சிமிட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எலெக்ட்ரீஷியன் சிரித்தார். "புது மருமக சார். வீட்டு ஆளுங்களை இன்னும் அடையாளம் தெரியல!"

விஷயம் இதுதான். சாவியின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. ஈ.ஸி.எம். அதனிடம் ரகசியக் குறியீடு கேட்கும். பதில் பொருந்தாவிட்டால், 'திருடன்!' என்று முடிவு கட்டி எஞ்சினை நிறுத்திவிடும். வேறு காரின் பெட்டிக்கு என் சாவி திருடன்தானே? பழைய பெட்டியின் நினைவு சிப்பிலிருந்து அந்தக் குறிப்புகளைப் படித்து, புதியதில் எழுத வேண்டும். எட்டுக் கால் பூச்சி போன்ற ஒரு சிப். இதற்கு முன் அவர் என்னிடம் ஆர்.ஸி. புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் கேட்டு வாங்கிச் சரிபார்த்தார். "இந்த வித்தை தெரிஞ்சவன் ஆளைப் பாக்காம செய்யக்கூடாது சார்" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை இரண்டு மடங்கானது.

எழுதி முடித்து மாட்டினார். சாவியைத் திருகினேன். எஞ்சின் பிடித்தது. முதலில் கொஞ்சம் முரண்டு, அதிக வேகத்தில் உறுமல். "ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காதீங்க, பத்து நிமிஷம் சும்மா ஓடட்டும், புது ஆள் வேலை பழகணும்" என்றார். பழகியது. பிறகு ஹேர் டிரையர் வைத்தியம் மறுபடியும். பதினைந்து நிமிஷம். மீட்டர் 5-லிருந்து அசையவில்லை.

மெக்கானிக் 'ஈ.ஸி.எம். போச்சு' என்றால்...

* உடனே தலையாட்டாதீர்கள். "பாட்டரி, எர்த், ரிலே, 5 வோல்ட் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். இந்த நாலும் பார்க்காத தீர்ப்பு செல்லாது.

* ஸ்கேனரில் ஒரே நேரத்தில் பல சென்ஸார் பெயர் வந்தால் சென்ஸார் வாங்க ஓடாதீர்கள். பொதுவான மின்சாரத்தையும் எர்த்தையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

* சாவி போட்டதும் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை, ஸ்கேனரும் பேசவில்லை என்றால் முதல் சந்தேகம் ப்யூஸ், ரிலே, எர்த் மேல். பிறகுதான் பெட்டி மேல்.

* காரில் வெல்டிங் வைக்கும் முன் பாட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். ஜம்ப் ஸ்டார்ட்டில் ப்ளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பதும், சாவி போட்டபடி ஈ.ஸி.எம். பிளக்கை உருவுவதும் கொலைக்குச் சமம்.

* பெட்டியைக் கொன்றது எது என்று தெரியாமல் புதுசு போடாதீர்கள். தண்ணீரா, ஷார்ட்டான காயிலா, அளவு மீறிச் சார்ஜ் பண்ணும் ஆல்டர்னேட்டரா? அது இருக்கும்வரை அடுத்ததும் பலி.

* பழசு வாங்கினால் நம்பர் முழுசாகப் பொருந்த வேண்டும். சாவியோடு சேர்த்துக் கொடுத்துவைக்க ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கணக்கு முடிப்பு

தேவையில்லாத சென்ஸார் 7,800. வண்டி ஏற்றிய கூலி 3,500. எர்த் 300. பெட்டி 7,500. ரயில், சாப்பாடு 700. எழுதியது, மாட்டியது எல்லாம் சேர்த்து 5,500. மொத்தம் 25,300. முதலிலேயே சரியான ஆளிடம் போயிருந்தால் முதல் இரண்டு வரியும் இல்லை, 14,000-த்தில் முடிந்திருக்கும். மிச்சம் 11,300-ஐக் கல்விச் செலவு என்று எழுதிக்கொண்டேன். (ஹேர் டிரையர் திரும்பி வந்தபோது அதில் கிரீஸ் கைரேகை இருந்தது. அந்தச் செலவு தனி. புது டிரையர், ஒரு புடவை.)

விரிசல் விட்ட பழைய பெட்டியை அப்பாவிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியில் அந்தத் துணுக்கை நிதானமாகப் பார்த்தார். வேப்பிலை விவகாரத்தையும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. எனக்கே சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அப்பா கையில் பழைய பெயின்ட் பிரஷ். காரின் கண்ணாடிக்கு அடியில் விழுந்திருந்த வேப்பிலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா உங்களுக்கு இந்த வேலை?"

"மரம் நான் வெச்சதுடா. இலையை நான்தானே அள்ளணும்?"

கடைசி இலையையும் எடுத்துக் கீழே போட்டுவிட்டு, பிரஷ்ஷைத் தட்டியபடி கேட்டார்:

"வர்ற புதன்கிழமை திருச்சிக்கு எத்தனை மணிக்குக் கெளம்பறோம்?"